கூலி எந்த உருவில் வரும்? டிஜிட்டல் ரூபாயும் தேயிலைத் தோட்டத்தின் ஐயமும்

சில்லறைப் பயன்பாட்டுக்கான டிஜிட்டல் ரூபாயை இந்திய ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று சோதனை முறையில் வெளியிட்டது. 2025 மார்ச் இறுதியில் அதன் மொத்தப் புழக்கம் 1,016 கோடி ரூபாய். அதே வேளையில் நாட்டில் புழங்கிய காகித நோட்டுகளின் மதிப்பு 36.86 லட்சம் கோடி ரூபாய். பத்தாயிரம் ரூபாய் நோட்டுக்கு மூன்று ரூபாய் என்ற அளவைக்கூட டிஜிட்டல் ரூபாய் எட்டவில்லை.

மக்கள் கைபேசியைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. யூபிஐ வழியாக 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் அதிகமான பரிமாற்றங்கள் நடந்துள்ளன. குன்னூர்ச் சந்தையில் காய் விற்பவரும் கோத்தகிரியில் தேநீர்க் கடை வைத்திருப்பவரும் கியூஆர் அட்டையை மாட்டி வைத்திருக்கிறார்கள். கைபேசியில் பணம் அனுப்பத் தெரிந்த மக்கள் புதிய பணத்தைத் தொடத் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை அறியாமை என்று அழைப்பதும், 'விழிப்புணர்வு முகாம்' நடத்தினால் அது தீர்ந்துவிடும் என்று நம்புவதும் நமது ஆட்சியாளர்களின் வழக்கம்.

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பார்த்தால் இந்தத் தயக்கம் வேறு விதமாகப் புரியும். இங்கு உழைக்கும் மக்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களில் கணிசமானோர் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கூலியின் உருவம் மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தைத் தீர்மானித்தவர் வேறொருவர்; அதன் விலையைக் கொடுத்தவர் தொழிலாளி. ஆகவே இவர்களுடைய ஐயத்தை, பட்டறிவிலிருந்து பிறந்த ஓர் அறிவாகவே நாம் கருத வேண்டும். டிஜிட்டல் நாணயம் பற்றிய விவாதத்தை அங்கிருந்து தொடங்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதை டிஜிட்டல் நாணயம் என்கிறோம்?

பேச்சுவழக்கில் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிவது முதல் தேவை.

முதலாவது, யூபிஐ. இது நாணயமே அன்று. வங்கிக் கணக்கில் ஏற்கனவே இருக்கும் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு நகர்த்தும் வழி. கணக்கில் இருக்கும் தொகை, அந்த வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். வங்கி முடங்கினால் வைப்புக் காப்பீட்டின் வரம்பான 5 லட்சம் ரூபாய் வரைதான் உத்தரவாதம்.

இரண்டாவது, டிஜிட்டல் ரூபாய். இது ரிசர்வ் வங்கியே வெளியிடும் பணம். 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, 'வங்கி நோட்டு' என்பதன் பொருளில் டிஜிட்டல் வடிவத்தையும் சேர்த்தது. நமது பையிலிருக்கும் நூறு ரூபாய் நோட்டுக்கு யார் பொறுப்போ அவரே இதற்கும் பொறுப்பு. இதற்கு வட்டி கிடையாது. வங்கி தரும் செயலியில் ஒரு பணப்பையைத் திறந்து அதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பணப்பை கைபேசி எண்ணோடும் வங்கிக் கணக்கோடும் பிணைக்கப்பட்டது.

மூன்றாவது, பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்கள். இவற்றுக்கு எந்த அரசும் பொறுப்பில்லை. கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் பிறப்பித்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் இவற்றின் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. வரி விதிக்கப்படுவதாலேயே ஒன்று சட்டப்படியான பணமாகிவிடாது. கிரிப்டோ என்பது உடைமையாகக் கருதத்தக்க சொத்து, ஆனால் நாணயம் அன்று என்பதே 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம்.

நம்பிக்கை என்ற கேள்வி இம்மூன்றிலும் வெவ்வேறு இடத்தில் எழுகிறது. யூபிஐயில் வங்கியை நம்புகிறோம். டிஜிட்டல் ரூபாயில் அரசை நம்ப வேண்டும். கிரிப்டோவிலோ, முகம் தெரியாத ஒருவரின் கணினியை நம்பச் சொல்கிறார்கள்.

தோட்டத்தில் பணம் நடந்துவந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு இருந்தது. கொழும்பின் காப்பி ஆலைகளும் வணிக நிறுவனங்களும் தாங்களே உலோக வில்லைகளை அடித்து வெளியிட்டன. வெளியிட்ட நிறுவனம் ஏற்கும் வரைதான் அவற்றுக்கு மதிப்பு. முதலாளி அடித்த காசு முதலாளியின் எல்லைக்குள் செல்லும். தொழிலாளியின் ஊருக்கு வராது.

அதைவிட ஆழமான கருவி, முன்பணம். கங்காணி தமிழ்நாட்டுச் சேரிகளுக்கு வந்து, கடனில் இருந்தவர்களுக்கு முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் பற்றெழுதப்பட்டன. தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளி. தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கடன் தொழிலாளியின் பேரிலேயே தொடரும். ஆளையே கைமாறும் பணமாக ஆக்கிய இந்தத் துண்டு முறை 1921இல்தான் இலங்கையில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கடல் கடந்து செல்லும் வழியில் கழுத்தில் தகர வில்லை ஒன்று தொங்கியது. அதில் மாவட்டத்தின் குறியீடும் தோட்டத்தின் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த எண்ணின் பேரில் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பணம் செலவாவதற்கு ஓர் அடையாள எண் போதும். அதைச் சுமப்பவரின் ஒப்புதல் வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டை நமது முன்னோர் நூறாண்டுகளுக்கு முன்பே கழுத்தில் சுமந்தார்கள்.

தமிழ்நாட்டின் மலைகளில் இதையே மேஸ்திரிகள் செய்தார்கள். 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டப்படி, முன்பணம் வாங்கிய பின் வேலையை விட்டுச் செல்பவரை மூன்று மாதம் வரை கடுங்காவலில் அடைக்கலாம். கடன் என்பது குடிமை வழக்காக இல்லாமல் குற்றமாகவே நடத்தப்பட்டது. 1920களின் நடுப்பகுதிவரை இச்சட்டம் உயிரோடிருந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் முன்பணமும் மேஸ்திரியின் கணக்கும் ஒரு தலித் குடும்பத்தை எப்படி விழுங்கின என்பதை, தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' நாவல் வழியே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம்.

இந்த வரலாற்றின் பின்புலத்தில்தான் 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டத்தின் ஆறாவது பிரிவைப் படிக்க வேண்டும். கூலி முழுவதும் நடப்பிலுள்ள நாணயமாகவோ நோட்டாகவோ வழங்கப்பட வேண்டும் என்றது அப்பிரிவு. அரிசியாக, கம்பளியாக, வில்லையாக, பற்றுச்சீட்டாகக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் வழியை அது அடைத்தது. ரொக்கக் கூலி என்பது பழமையின் எச்சம் என்று இன்று ஏளனமாகப் பேசுவோர், அது ஒரு காலத்தில் தொழிலாளியின் உரிமையாகச் சட்டத்தில் எழுதப்பட்டது என்பதை அறிய வேண்டும்.

அம்பேத்கர் ரூபாயிடம் கேட்ட கேள்வி

அண்ணல் அம்பேத்கரின் 'ரூபாயின் சிக்கல்' நூல் 1923இல் லண்டனில் வெளிவந்தது. 1925 டிசம்பரில், ஹில்டன் யங் குழு என்று அறியப்படும் நாணயம் மற்றும் நிதி தொடர்பான அரச ஆணையத்தின் முன் அவர் சாட்சியமும் அளித்தார். ரிசர்வ் வங்கியே அவர் நூலிலிருந்து பிறந்தது என்று நமது மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்தப் பெருமிதத்தில், அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது மறைந்துபோகிறது. ஆணையம் பரிந்துரைத்த ஏற்பாடு வேறு. அவர் கேட்டது வேறு.

அவருடைய வாதத்தின் மையத்தில் இருந்தது, ஆள்வோரின் விருப்புரிமை மீதான ஐயம். எவ்வளவு ரூபாயை வெளியிடுவது என்பதை அரசு தன் விருப்பப்படி முடிவு செய்யும் முறை ஆபத்தானது. வெளியீட்டுக்குச் சட்டத்தால் உறுதியான எல்லை இருக்க வேண்டும் என்றார் அவர். ரூபாயின் மதிப்பு சரிந்தால் விலைகள் ஏறும். கூலி அந்த வேகத்தில் ஏறாது. இடைவெளி முதலாளியின் லாபமாகும் என்பதையும் அவர் சுட்டினார். ஏற்றுமதிக்காகத் தேயிலை விளைவிக்கும் மலையில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

டிஜிட்டல் ரூபாயைப் பற்றி அம்பேத்கர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது வீண். ஆயினும் அவர் கேட்ட கேள்வி நமக்கு உதவும். பணத்தின் மீது முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த அதிகாரத்துக்கு எந்தச் சட்டம் வேலி? எந்தப் புதிய நாணயத்தையும் இந்த இரு கேள்விகளின் முன் நிறுத்த வேண்டும்.

ஒரே இரவில் செல்லாமற்போன நம்பிக்கை

2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு நான்கு மணி நேர இடைவெளியில் சட்டத் தகுதியை இழந்தது. ரொக்கத்தில் கூலி தந்துவந்த தோட்டங்கள் திகைத்தன. அசாமில் தோட்டக் கூலிக்கான ரொக்கத்தை மாவட்ட நிர்வாகத்தின் கணக்கு வழியாக எடுத்துக் கொடுக்கும் தற்காலிக ஏற்பாட்டைச் செய்ய வேண்டியிருந்தது. பெரிய தோட்டங்களுக்காவது இப்படி ஒரு வழி பிறந்தது. சிறு விவசாயிகளின் தோட்டங்களில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அதுவும் இல்லை.

செல்லாதாக்கப்பட்ட நோட்டுகளில் 99.3 விழுக்காடு வங்கிக்கே திரும்பிவிட்டது என ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 2 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்நடவடிக்கையைச் சரியெனக் கூறியது. மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி பி. வி. நாகரத்னா, நாடாளுமன்றத்தின் சட்டமின்றி இதைச் செய்திருக்கக் கூடாது என்றார். சட்ட வாதம் அங்கே முடிந்தது. ஆனால் அரிசிப் பானைக்குள் கணவருக்குத் தெரியாமல் பெண்கள் சேர்த்த நோட்டுகளை வங்கி வரிசையில் எல்லோர் முன்னும் எடுத்துக்காட்ட நேர்ந்ததை எந்தத் தீர்ப்பும் ஈடு செய்யவில்லை.

கையிலுள்ள நோட்டையே ஓர் உரையில் செல்லாததாக்க முடியும் என்று கண்டவர்களிடம், கையில் பிடிக்கவே முடியாத பணத்தை நம்பச் சொல்கிறோம். அவர்கள் கேள்வி கேட்காமலிருந்தால்தான் வியக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு தந்த நன்மை

இவ்வளவும் சொன்ன பிறகு, ரொக்கத்தைப் புனிதப்படுத்துவதும் பிழை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ரொக்கக் கூலி மேஸ்திரியின் கை வழியாக வந்த காலத்தில் அந்தக் கையிலேயே ஒரு பங்கு நின்றது. கைநாட்டு வாங்கிய ஏட்டில் ஒரு தொகை, கையில் மற்றொரு தொகை என்ற மோசடிக்கு ரொக்கம் இடம் கொடுத்தது. சம்பள மேசைக்கு அருகிலேயே கடைக்காரரும் வட்டிக்காரரும் காத்திருந்தனர்.

வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும் கூலிக்குச் சாட்சியம் உண்டு. குறைந்தபட்சக் கூலி வழக்கிலும், வருங்கால வைப்பு நிதி பாக்கியிலும், பணிக்கொடைக் கணக்கிலும் வங்கிப் புத்தகத்தின் வரிகள் தொழிலாளியின் பக்கம் பேசும். கூலி தன் பெயரிலுள்ள கணக்குக்கு வருவது பல பெண்களுக்கு வீட்டுக்குள் ஒரு பிடிமானம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இன்று நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஆதிவாசித் தொழிலாளர்கள், மறுநொடியில் ஊருக்குப் பணம் அனுப்ப முடிவது சிறிய செய்தி அன்று.

இந்த மலையில் வங்கிக்கும் தனி வரலாறு உண்டு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களின் மறுவாழ்வுக்காக 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம், 1976 முதல் 'டேன்டீ' நிறுவனமாக இயங்குகிறது. தாயகம் திரும்பியோருக்கென்றே 1969இல் 'ரெப்கோ' வங்கி தொடங்கப்பட்டது. தங்களுக்கென ஒரு நிதி நிறுவனம் இருப்பதன் மதிப்பை அறிந்த மக்கள் இவர்கள். புதியதை மறுப்பது இவர்களின் இயல்பு அன்று.

எனவே கேள்வி ரொக்கமா டிஜிட்டலா என்பதன்று. தொழிலாளியின் பணத்துக்கு யார் நிபந்தனை விதிக்கிறார்கள், அந்த நிபந்தனையை மறுக்க அவருக்கு வழியுண்டா என்பதே கேள்வி.

நிபந்தனை எழுதப்பட்ட பணம்

நோட்டுக்கு இல்லாத ஒரு தன்மையை டிஜிட்டல் ரூபாய்க்கு அளிக்க முடியும். இந்தப் பொருளுக்கு மட்டும், இந்த இடத்தில் மட்டும், இந்தத் தேதிக்குள் மட்டும் செலவழிக்கலாம் என்று பணத்துக்குள்ளேயே கட்டளை எழுதலாம். இத்தகைய நிரலிடும் வசதியையும், இணையமின்றிப் பயன்படுத்தும் வசதியையும் சோதிக்கப் போவதாக ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தது. குத்தகை விவசாயிகளுக்குத் தரும் கடன் விதை, உரம் போன்ற இடுபொருட்களுக்கு மட்டும் செலவாகும்படியான சோதனைகள் நடந்துள்ளன. ஒடிசாவின் 'சுபத்ரா' திட்டத்தில் பெண்களில் ஒரு பகுதியினருக்கு உதவித்தொகை டிஜிட்டல் ரூபாயாக அளிக்கப்பட்டது.

உதவி உரியவரைச் சேரும், இடையில் எவரும் திருட முடியாது என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. நிலப்பட்டா இல்லாத குத்தகை விவசாயிக்கு இதனால் வங்கிக் கடன் கிடைத்தால் அது ஆதாயமே. ஆனால் அதே கருவி, பணம் பெறுபவரைப் பொறுப்பற்றவராகக் கருதும் மனநிலைக்கும் ஏற்றது. பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்ததைப் பேறுகாலச் செலவுக்கு மாற்றிக்கொள்ளும் முடிவு, ஏழையின் வீட்டில் ஒவ்வொரு மாதமும் எடுக்கப்படும் முடிவு. பணக்காரரின் பணத்தில் எவரும் இத்தகைய நிபந்தனை எழுதப் போவதில்லை. முதலாளி அடித்த வில்லை அவர் ஏற்கும் இடத்தில் மட்டும் செல்லுபடியானதை நினைவில் வைத்திருப்போருக்கு, குறிப்பிட்ட கடையில் மட்டும் செல்லும் ரூபாய் முற்றிலும் புதியதாகத் தோன்றாது.

பணத்தின் வழியில் சாதி நுழைவது கற்பனையும் அன்று. ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிறர் என மூன்றாகப் பிரித்து வழங்குமாறு ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மார்ச் 2 அன்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஒரே ஏரியில் ஒரே நாளில் மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாட்களில் கூலி வந்தது. பணியிடத்தில் சாதிப் பிளவும் சண்டையும் வளர்ந்தன. எதிர்ப்புகளுக்குப் பின் அந்த ஆண்டு முடிவதற்குள் இம்முறை கைவிடப்பட்டது. எந்த மேல்சாதிக்காரரும் அங்கே நின்று வரிசையைப் பிரிக்கவில்லை. கணினியில் ஒரு தலைப்பு மாற்றப்பட்டது, அவ்வளவே. பணத்தோடு பெறுபவரின் தகவலும் பிணைக்கப்படும்போது, அந்தத் தகவலைக் கொண்டு அவரைப் பிரிக்கவும் முடியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

ரொக்கம் கைமாறும்போது அது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்ற சுவடு மிஞ்சாது. தொழிற்சங்கச் சந்தாவும், வழக்குக்குத் திரட்டும் நிதியும், சாதி மறுப்பு மணம் புரிந்து ஊரைவிட்டு வெளியேறும் இணையரின் கைச்செலவும் அந்த மறைவில்தான் பாதுகாப்பாக இருந்தன. சிறு தொகைகளுக்கு ரொக்கத்தைப் போன்ற அடையாளமின்மை இருக்கலாம் என ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் வெளியிட்ட கருத்துரு ஆவணம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதை உறுதி செய்யும் தனிச் சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது.

நைஜீரியாவின் பாடம்

நைஜீரியாவின் மத்திய வங்கி 2021 அக்டோபர் 25 அன்று 'இ-நைரா'வை வெளியிட்டது. முதல் ஓராண்டில், திறக்கப்பட்ட பணப்பைகளில் 98.5 விழுக்காடு எந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டாலும் பயன்படுத்தப்படாமலே கிடந்தன என்று பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வு கூறியது. 2022 இறுதியில் அந்நாடு பழைய நோட்டுகளைத் திரும்பப் பெறத் தொடங்கியது. புதிய நோட்டுகள் போதிய அளவு வரவில்லை. வங்கிகளின் முன் மக்கள் கொதித்தனர். 2023 மார்ச் 3 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பழைய நோட்டுகள் அந்த ஆண்டு இறுதிவரை செல்லும் என்று ஆணையிட வேண்டியதாயிற்று.

ரொக்கத்தைப் பறித்தால் மக்கள் டிஜிட்டலுக்கு வந்துவிடுவார்கள் என்ற கணக்கு அங்கே பொய்த்தது. தட்டுப்பாட்டின்போது பயன்பாடு கூடியது உண்மைதான். ஆனால் வேறு வழியின்றி எடுத்துக்கொண்டதை எவரும் நம்பிக்கை என்று சொல்ல மாட்டார்கள்.

அவநம்பிக்கையை விற்பவர்கள்

அரசின் மீதான ஐயத்துக்கு இன்னொரு ஆபத்தான முடிவும் உண்டு. அரசின் பணம் உன்னை ஏமாற்றும், எங்கள் காயின் உன்னைக் காப்பாற்றும் என்று சொல்லிக்கொண்டு கிரிப்டோ முகவர்கள் வருகிறார்கள். கைபேசிக் குழுக்களில் வாரத்துக்கு இத்தனை விழுக்காடு லாபம் என்கிறார்கள். முதல் சில மாதங்கள் பணம் வரும். அது அடுத்து சேர்ந்தவரின் பணம். உறவினரும் அதே லயத்து அண்டை வீட்டாரும் வழியாகவே வலை விரிகிறது. பணி ஓய்வின்போது ஒரே தவணையில் கிடைக்கும் வைப்பு நிதியும் பணிக்கொடையும்தான் இவர்களின் குறி. பரம்பரை நிலமில்லாத ஒரு தோட்டக் குடும்பத்துக்கு வாழ்நாளில் ஒருமுறை கைக்கு வரும் பெருந்தொகை அதுதான்.

முறையாக இயங்கும் கிரிப்டோச் சந்தைகளிலும் காப்பு இல்லை. 2024 ஜூலையில் இந்தியாவின் பெரிய கிரிப்டோச் சந்தைகளில் ஒன்றான 'வாசிர்எக்ஸ்' இணையத் திருட்டுக்கு ஆளாகி, 23 கோடி டாலருக்கு மேல் இழந்தது. வாடிக்கையாளர்களின் இருப்பு முடங்கியது. நாம் முன்பு குறிப்பிட்ட சென்னை உயர் நீதிமன்ற வழக்கு அந்த முடக்கத்திலிருந்து எழுந்ததே. வழக்குத் தொடுக்க வழியுள்ளவருக்கே உயர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருக்கிறது என்றால், லயத்து வீட்டிலிருப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசை நம்பாததற்கு நியாயம் இருக்கலாம். அந்த நியாயம் முகவரின் பேச்சை மெய்யாக்கிவிடாது.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது?

ரொக்கத்துக்கு மாற்றாகக் காசோலையாகவோ வங்கி வரவாகவோ கூலி தர வேண்டுமானால் தொழிலாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற நிபந்தனை நீண்ட காலம் இருந்தது. 2016 டிசம்பரில், பணமதிப்பு நீக்கத்தின் நடுவே, ஓர் அவசரச் சட்டத்தின் வழியாக அது நீக்கப்பட்டது. 2017இல் அது திருத்தச் சட்டமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 15ஆவது பிரிவு, நாணயம், நோட்டு, காசோலை, வங்கி வரவு ஆகியவற்றோடு 'மின்னணு முறை' என்பதையும் சேர்க்கிறது. குறிப்பிட்ட தொழில்களில் காசோலை அல்லது வங்கி வரவு மட்டுமே என அறிவிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு.

மின்னணு முறை என்ற சொல்லுக்குள் டிஜிட்டல் ரூபாயும் அடங்கக்கூடும். அந்த நாளில், எந்த வடிவில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று சொல்லும் ஒரு வரிகூட இப்பிரிவில் இல்லை. 1936இல் தொழிலாளியின் காப்பாக எழுதப்பட்ட ஒரு பிரிவு, தொண்ணூறு ஆண்டுகளில் அவருடைய ஒப்புதலே தேவைப்படாத ஒன்றாக மாறியிருக்கிறது.

ஆகவே, தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இப்போதே எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் சில:

1. கூலியின் வடிவத்தை மாற்ற, தொழிலாளியின் மொழியில் விளக்கி, எழுத்துபூர்வ ஒப்புதல் பெறுவதை மாநில விதிகளில் மீண்டும் சேர்க்க வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும்.

2. கூலியும் பணிக்கொடையும் வைப்பு நிதியும் எந்த நிலையிலும் நிபந்தனை எழுதப்பட்ட பணமாக வழங்கப்படக் கூடாது. அவை உதவித்தொகை அல்ல, உழைப்பின் விலை.

3. பணப் பரிமாற்றத்தின் தரவில் சாதி அடையாளம் எந்தத் தலைப்பிலும் இணைக்கப்படக் கூடாது. துணைத் திட்ட நிதியின் கணக்கைச் சரிபார்க்க, தனிநபரின் கூலிப் பட்டியலைப் பிரிக்கத் தேவையில்லை.

4. பருவமழையில் மண் சரிந்து, மின்சாரமும் கைபேசி அலைவரிசையும் நாள்கணக்கில் அற்றுப்போகும் மலையில், ரொக்கம் பெறும் வழி நடந்து செல்லும் தொலைவில் இருப்பது உறுதி செய்யப்பட வேண்டும்.

5. கைபேசி இல்லாதவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உரிய குறைதீர் மையம் தோட்டப் பகுதியிலேயே வேண்டும்.

கோரிக்கைகள் நிறைவேறும்வரை கையிலுள்ள காப்புகளையாவது அறிந்திருப்போம். கணக்கிலிருந்து பணம் திருடப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2017 ஜூலை 6இன் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் நடந்த மின்னணுத் திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஓடிபி எண்ணை நாமே சொல்லிவிட்டால், புகார் தரும்வரை நேர்ந்த இழப்பு நம்முடையது. முப்பது நாட்களில் வங்கி தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். லாபம் காட்டி வைப்புத்தொகை திரட்டி ஏமாற்றுவோர் மீது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் அளிக்கலாம்.

கங்காணியின் துண்டிலும் தகர வில்லையிலும் தொழிலாளியின் பெயரால் பணம் புழங்கியது. அவரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிஜிட்டல் ரூபாய் அதிலிருந்து வேறுபட்டது என்று அரசு சொல்கிறது. அப்படியானால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்குச் சட்டத்தில் எழுதித் தரட்டும். நம்புவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு அவர் முடிவு செய்வார்.